பேட்டரி வாங்கப்போறவர்

"இந்த நாட்டுல ஒரு கம்பெனிக்காரனாவது திரும்பிப் போன் பண்றானா? வர்றான், டீ குடிக்கிறான், கூரையைப் பாக்கிறான், போறான். போனவன் போனவன்தான்."

இதை இவாகிரிசான் (சான்னா எங்க ஊர்ல 'சார்' மாதிரி) வாயால எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. பக்கத்து வீடு. நடுவுல ஒரு வேலியும் எங்க ஆரஞ்சு மரமும்தான். காலைல குப்பைப் பையைத் தூக்கிட்டு வர்றப்ப சொல்லுவாரு. தெருச் சங்கத்து அறிவிப்பு அட்டையைக் கொண்டுவந்து நீட்டுறப்ப சொல்லுவாரு. ஒரு சாவு வீட்டுல ஊதுவத்தி வெச்சு, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டு, புருஷனைப் பறிகொடுத்த அம்மா பக்கம் திரும்பி, அங்கயும் சொன்னாரு. அந்த அம்மா அழுகையை நிறுத்திட்டு, "எந்தக் கம்பெனி?"ன்னு கேட்டாங்க.

இந்த இனத்துக்குப் பேரு பேட்டரி வாங்கப்போறவர். நல்லாக் கவனிங்க. பேட்டரி வாங்கினவர்னு ஒரு இனம் இருக்கு, அவங்க வாங்கி மாட்டிட்டு மறந்துட்டாங்க, அவங்களால யாருக்கும் தொந்தரவில்ல. பேட்டரி வாங்காதவர்னு இன்னொரு இனம், அவங்க கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்திட்டுப் படுத்துருவாங்க, அவங்களாலயும் தொந்தரவில்ல. இது நடுவுல நிக்கிற இனம். ஒரு காலைக் கடை வாசல்ல வெச்சிருக்கும். இன்னொரு காலை எடுக்கவே எடுக்காது.

எங்க மியாசாகி கடற்கரையில வெயிலுக்கும் பஞ்சமில்ல, புயலுக்கும் பஞ்சமில்ல. வீட்டுக்கு வீடு கூரைமேல சோலார் பேனல். புயல் வந்தா கரண்ட் போகும், பேட்டரி இருந்தா தப்பிக்கலாம். விஷயம் அவ்வளவுதான். இதுக்கு ஒரு மனுஷன் ஒரு வாரம் யோசிக்கலாம். வீட்டுல சண்டை வந்தா ஒரு மாசம் யோசிக்கலாம். இவாகிரிசான் பத்து மாசம் யோசிச்சாரு.

இந்த இனத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம். சட்டைப் பையில பேனா இருக்க வேண்டிய இடத்துல அளக்கிற டேப்பு இருக்கும். கையில ஒரு நீல ஃபைல், அதுல ஓரத்துல கலர் கலரா ஒட்டின காகிதக் காது. டவுன் ஆபீஸ்ல கட்டட அனுமதிப் பிரிவுல முப்பத்தொம்பது வருஷம் வேலை பாத்தவர், ஃபைல் இல்லாம அவருக்குக் கை எங்க வெக்கிறதுன்னு தெரியாது. அந்த ஃபைலுக்குள்ள ஒரு அட்டவணை. ஏழு கம்பெனி, நாப்பத்தாறு கட்டம். பேட்டரி எவ்வளவு பிடிக்கும், எத்தனை வருஷ உத்தரவாதம், இதெல்லாம் முதல் பக்கம். மூணாம் பக்கத்துக்குப் போனா, 'பெட்டியோட நிறம் வேலிக்கு ஒத்துப்போகுமா'ன்னு ஒரு கட்டம், 'போன் எடுக்கிற பொண்ணு கொட்டாவி விடுறாளா'ன்னு ஒரு கட்டம்.

அவரு பேசுறதைப் பேசிக் காட்டணும்னா கழுத்தை முன்னால நீட்டி, குரலை மூக்குக்கு ஏத்திக்கணும். "கிலோவாட் வேற, கிலோவாட் அவர் வேற. குழாயோட அகலம் ஒண்ணு, தொட்டியோட கொள்ளளவு ஒண்ணு. எத்தனை பேருக்கு இது தெரியும்? சொல்லுங்க, எத்தனை பேருக்குத் தெரியும்?" யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவரு வீட்டு முன்னால இருக்கிற கடையில சாப்பாடு வாங்க வந்த மீன்பிடி ஆளு கையில சூடான கோழி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. தொட்டி நிறையறதுக்குள்ள கோழி ஆறிடும்.

டிசம்பர்ல, வருஷத்துலயே பகல் குறைஞ்ச நாள் பாத்து, ஏணி போட்டுக் கூரைமேல ஏறி, சாக்பீஸால நிழலைக் கோடு போட்டாரு. மறுநாள் எங்க வாசல்ல வந்து நின்னாரு. எங்க ஆரஞ்சு மரம் பன்னெண்டு நாப்பதுக்கு அவரோட மூணாவது பேனல்ல நாலு விரக்கடை நிழல் போடுதாம். மரத்தை வெட்டச் சொல்லப்போறாருன்னு பயந்தேன். அவரு இடுப்பை வளைச்சு, இப்படிக் கணக்கு எடுத்ததுக்கு மன்னிச்சுக்கணும்னு ஒரு பெட்டி இனிப்பை நீட்டிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். அதையும் சொல்லிடணும். கெட்டவனா இருந்தா கேலி பண்றது இன்னும் சுலபமா இருந்திருக்கும்.

இனி அவரு வீட்டம்மா. பேரு மிசாவோசான். வீட்டு முன்பக்கத்துல பென்டோ கடை வெச்சிருக்காங்க. தினம் அம்பது டப்பா சாப்பாடு. துறைமுகத்து ஆளுங்க, பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க, தனியா இருக்கிற வயசானவங்க, எல்லாருக்கும் மத்தியானச் சோறு அங்கதான். கடைக்குள்ள ரெண்டு பெரிய ஃப்ரீசர். அந்த ரெண்டும் ஓடினா கடை ஓடும். அவ்வளவு சின்னக் கடை அது.

போன வருஷம் செப்டம்பர்ல புயல் அடிச்சு மூணு நாள் கரண்ட் இல்ல. புயல் போன மறுநாளே வானம் கழுவி விட்ட மாதிரி நீலம். கூரைமேல பேனல் கண்ணைக் கூசுது, கீழ ஃப்ரீசர் சொட்டுது. இது எப்படின்னு கேக்கிறீங்களா? வெறும் பேனல் மட்டும் இருக்கிற வீட்டுல, ஊர்க் கரண்ட் போனா பேனலும் சேந்து நின்னுடும். ஆனா ஒரு சுவிட்சைக் கையால மாத்தி விட்டா, அதுக்குன்னே வெச்ச ஒரே ஒரு பிளக் பாயின்ட்ல பகல் முழுக்கக் கரண்ட் வரும். எல்லா வீட்டுலயும் அது உண்டு. எங்க இருக்குன்னுதான் எவருக்கும் தெரியாது.

இவாகிரிசானுக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும். அதனால குறிப்புப் புத்தகத்தை எடுத்தாரு. நேரா அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டியதுதானே? போகமாட்டாரு. முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. ஈரக் கையால தொடாதீங்க, சின்னப் பிள்ளைகளை ஏற விடாதீங்க, நாய் கட்டாதீங்க. நாலாம் நாள் காலைல அறுபத்து மூணாம் பக்கத்துக்கு வந்து சேந்தாரு. பிளக் பாயின்ட் துணி அலமாரிக்குப் பின்னால இருந்துச்சு. அலமாரியை அங்க வெச்சது அவருதான், டேப்பு வெச்சு அளந்து, சரியா மறைக்கிற மாதிரி. அதை நகத்தி முடிச்சப்ப ஊர்க் கரண்ட் வந்து ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு.

கோழியும் மீனும் உருளைக்கிழங்குக் கொரோக்கேயும் பின்பக்கம் குழி வெட்டிப் புதைச்சோம். மிசாவோசான் அழல. ரெண்டு ஃப்ரீசரையும் சோடா உப்புப் போட்டுத் துடைச்சாங்க. துடைச்ச துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, இன்னொரு தடவை இது உருகுச்சுன்னா கடையை மூடிட்டு குமாமோட்டோவுக்கு அக்கா கிட்டப் போயிடறதா சொன்னாங்க. அக்கா அங்க நூடுல்ஸ் கடை நடத்துறாங்க, ஆள் பத்தலையாம். எத்தனை நாளைக்குன்னு அவரும் கேக்கல, அவங்களும் சொல்லல.

அன்னைக்கே இவாகிரிசான் சபதம் போட்டாரு. அடுத்த புயல் வர்றதுக்குள்ள பேட்டரி. சபதம் போடறதுக்கு மட்டும் இந்த இனம் யோசிக்கவே யோசிக்காது.

ஏழு கம்பெனிக்குச் சொல்லி விட்டாரு. ஏழு பேரும் வந்தாங்க, ஏழு தடவையும் ஒரே கூத்து. கருப்புக் கோட்டுப் போட்ட பையன் வருவான். செருப்பை வாசல் பக்கமாத் திருப்பி வெப்பான். மண்டி போட்டு உக்காந்து, படம் போட்ட புத்தகத்தை ரெண்டு கையாலயும் நீட்டுவான். டீ வரும், இனிப்பு வரும். அப்புறம் கேள்வி வரும். பத்து வருஷத்துக்கு அப்புறம் பேட்டரி எவ்வளவு பிடிக்கும்? பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம்? இருபது வருஷத்துல உங்க கம்பெனி இருக்குமா? இருக்கும்னு எதை வெச்சுச் சொல்றீங்க? நீங்க இருப்பீங்களா? இருபத்து மூணு வயசுப் பையன் ஒருத்தன் இந்தக் கேள்வியைக் கேட்டு, டீக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு, தன் வாழ்க்கையைப் பத்தி ரொம்ப நேரம் யோசிச்சானாம்.

கடைசியா அந்தச் சொல் வரும். இதைச் செஞ்சு பாருங்க. பல்லிடுக்கு வழியாக் காத்தை உள்ள இழுங்க. ஸ்ஸ்ஸ். தலையை ஒரு பக்கமாச் சாய்ங்க. ஜன்னலைப் பாருங்க. இப்பச் சொல்லுங்க:

"யோசிச்சுச் சொல்றேன்."

எங்க ஊர்ல ஒருத்தர் காத்தை இழுத்துட்டு 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொன்னா என்ன அர்த்தம்? நீங்க 'பாக்கலாம்'னு சொன்னா என்ன அர்த்தமோ அதேதான். வேண்டாம், கிளம்புங்க, செருப்பு அங்க இருக்கு. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியும். தலை பாய்ல படுற மாதிரிக் குனிஞ்சு, நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி சொல்லி, வண்டியில ஏறி, பட்டியல்ல இவாகிரி வீட்டை அடிச்சிடுவான். கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணினா அது மரியாதை இல்லைன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

இதுல உள்ள கோளாறு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இந்த நாட்டுல பன்னெண்டு கோடிப் பேரும் வேண்டாம்கிறதுக்குச் சொல்ற சொல்லை, ஒரே ஒருத்தர் மட்டும் நிஜமாவே யோசிக்கிறதுக்காகச் சொல்லிட்டு இருந்தாரு. பையன் போனதும் ஃபைலைத் திறந்து ராத்திரி பகலா யோசிப்பாரு. சந்தேகம் வரும். கேக்கலாம்னு போன் பக்கத்துல உக்காருவாரு. இவரா கூப்பிடமாட்டாரு, வாங்குறவன் கூப்பிட்டா விலை இறங்காதாம். அங்கேர்ந்தும் வராது. அப்புறம் வேலிப் பக்கம் வந்து என்கிட்ட ஆரம்பிப்பாரு. இந்த நாட்டுல ஒரு கம்பெனிக்காரனாவது.

மிசாவோசானுக்கு இது புதுசில்ல. அவங்களைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இவரு காத்தை இழுத்துட்டு அதையேதான் சொன்னாராம். பொண்ணு வீட்டுல எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வேற இடம் பாக்க ஆரம்பிச்சாங்க. எட்டு மாசம் கழிச்சு, மழையில, கேக் பெட்டியோட வாசல்ல வந்து நின்னு, "யோசிச்சுட்டேன், சரி"ன்னு சொன்னாராம். அன்னைக்கு மத்தியானம் இன்னொரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதா இருந்துச்சு. மிசாவோசான் இதைச் சோறு கட்டிக்கிட்டே சொல்லுவாங்க. "கேக்கு நல்லா இருந்துச்சு"ன்னு முடிச்சிடுவாங்க.

வாங்காம இருக்கிறதுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருந்தாரு. குளிர்காலத்துல, மார்ச்சுல வருஷக் கணக்கு முடியறப்ப விலை இறங்கும், பொறுப்போம். மார்ச் வந்துச்சு. ஏப்ரல்ல அரசாங்க உதவித்தொகை அறிவிப்பாங்க, பொறுப்போம். ஏப்ரல் வந்துச்சு. அறிவிச்சாங்க. விண்ணப்பப் படிவத்துல ஏழாம் கேள்விக்கும் பதினாலாம் கேள்விக்கும் முரண்பாடு இருக்குன்னு டவுன் ஆபீசுக்கு மூணு பக்கக் கடிதம் எழுதினாரு. பதில் வர்றதுக்குள்ள உதவித்தொகை தீந்துடுச்சு. மே மாசம், இலையுதிர்காலத்துல புது மாடல் வருதாம். ஜூன்ல மழை, மழையில யாராவது கூரைமேல ஏறுவாங்களா?

இதுக்கு நடுவுல கம்பெனிக்காரங்க கொடுக்கிற இன்னொரு படிவம் வந்துச்சு பாருங்க, அதுதான் உச்சம். பேட்டரி முழு வீட்டுக்கும் தாங்காது, அதனால கரண்ட் போனா எந்தெந்த இடத்துக்கு மட்டும் வரணும்னு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். இவாகிரிசான் குடும்பக் கூட்டம் போட்டாரு. குடும்பம்னா ரெண்டு பேர். ஜன்னல் திறந்திருந்துச்சு, நான் ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு.

"ரெண்டு ஃப்ரீசர்"னாங்க மிசாவோசான். "கூட்டம் முடிஞ்சுதா? எனக்குச் சோறு வடிக்கணும்."

"இரு, இரு. மொத்தம் இருபத்து மூணு இடம் இருக்கு. முதல்ல கக்கூஸ் சூடு."

"கக்கூசா?"

"உக்காருற இடம் சில்லுன்னு இருந்தா ரத்த அழுத்தம் ஏறும்."

"புயல் வர்றது வேர்த்து ஊத்துற மாசத்துலப்பா." பிள்ளைங்க கல்யாணம் ஆகி டோக்கியோ போயும் புருஷனை இன்னும் அப்பான்னுதான் கூப்பிடுறாங்க.

"கரண்ட் போறதுக்குப் புயல்தான் வரணுமா? ஜனவரியில பூகம்பம் வந்தா?"

"பூகம்பம் வர்றப்ப நீங்க கக்கூஸ்ல உக்காந்திருப்பீங்களா?"

பேனா கீறுற சத்தம் கேட்டுச்சு. அவரு அதைச் சண்டையா எடுத்துக்கல, கேள்வியா எடுத்துக்கிட்டாரு. மறுநாள் அட்டவணையில நாப்பத்தேழாவது கட்டம் முளைச்சிருந்துச்சு: 'பூகம்ப நேரத்தில் நான் இருக்கக்கூடிய இடம்.'

ஜூன் கடைசியில எட்டாவது ஆளு வந்தாரு. பேரு பிஷ்ணு தாமாங். நேபாளத்துக்காரர், பக்கத்து டவுன்ல ஒரு சின்ன எலக்ட்ரிக் கடையில வேலை. எங்க பாஷையை மொழிப் பள்ளிக்கூடத்துல புத்தகம் வெச்சுப் படிச்சவர், அதனால எங்களை விடச் சுத்தமாப் பேசுவாரு. இவாகிரிசான் குழாயும் தொட்டியும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டாரு. அப்புறம், தான் சின்னப் பையனா இருந்தப்ப அவங்க ஊர்ல ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் கரண்ட் இருக்காதுன்னும், கிலோவாட் எல்லாம் யாருக்கும் தெரியாதுன்னும், அம்மா எந்நேரத்துக்குத் துணி தேய்க்கணும்கிறது மட்டும் வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்னும் சொன்னாரு. இவாகிரிசானுக்கு இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல.

கேள்வி எல்லாம் தீந்துச்சு. காத்து உள்ள போச்சு. தலை சாஞ்சுது.

"யோசிச்சுச் சொல்றேன்."

பிஷ்ணுசான் சட்டைப் பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்தாரு. பேனா மூடியைக் கழட்டினாரு.

"நல்லதுங்க. எந்தத் தேதி வரைக்கும் யோசிப்பீங்க?"

மிசாவோசான் கையில டீத் தட்டு அப்படியே நின்னுது. அந்தக் கேள்வியை இந்த நாட்டுல யாரும் யாரையும் கேட்டதில்ல. இவாகிரிசான் வாயிலேர்ந்து ஜூலை பத்துன்னு என்னமோ ஒரு தேதி வந்து விழுந்துச்சு. காலையா, மத்தியானமான்னு கேட்டாரு பிஷ்ணுசான். காலை. ஒம்பதா, பத்தா? ஒம்பது. எழுதிக்கிட்டு, கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

ஜூலை பத்து. காலை ஒம்பது. போன் அடிச்சுது.

பத்து மாசமா இந்த ஒரு மணிச் சத்தத்துக்குத்தானே ஊரைக் கூட்டினாரு, ஓடிப் போய் எடுப்பாருன்னு நினைப்பீங்க. போனைப் பாத்தாரு. பாம்பைப் பாத்த மாதிரிப் பாத்தாரு. ரெண்டு கையாலயும் மிசாவோசானைப் பாத்து 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு ஆட்டினாரு. வீட்டுல இருந்துக்கிட்டே இல்லாதவங்க மாதிரி மூச்சுப் பிடிச்சு உக்காந்திருக்கிறது எங்க ஊர்ல ஒரு கலை. அதுக்குன்னு தனி வார்த்தையே இருக்கு. ரேடியோவை அணைச்சாரு. திரைச்சீலையை இழுத்தாரு. ஒம்பதரைக்கு மறுபடி அடிச்சுது. பத்துக்கு மறுபடி. "என்ன இது, மனுஷனை விரட்டுறானே, விவஸ்தையே இல்லாம"ன்னு குசுகுசுன்னு புலம்பினதை மிசாவோசான் பின்னாடி என்கிட்ட நடிச்சே காட்டினாங்க. அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல.

பத்தரைக்கு ஒரு வேன் வந்து நின்னுது. இவாகிரிசான் மாடிக்கு ஓடி, மெத்தை வெக்கிற அலமாரிக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. அறுபத்தெட்டு வயசு.

பிஷ்ணுசான் வியாபாரத்துக்காக வரல. நாள், நேரம் எல்லாம் குறிச்சுக் கொடுத்த பெரியவரு மூணு தடவை போன் எடுக்கலைன்னா உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டு வந்திருக்காரு. அவரு மூஞ்சியில நிஜமாவே கவலை. மிசாவோசான் அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் மாடியைப் பாத்தாங்க. மேல அலமாரிக்குள்ள யாரோ தும்மல் அடக்குற சத்தம்.

"அந்தப் படிவத்துல, கடைக்கு மட்டும்னு எழுதலாமா?"ன்னு கேட்டாங்க.

எழுதலாம்னாரு.

"வீட்டுக்கு வேண்டாம். ரெண்டு ஃப்ரீசர், ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயின்ட். ராத்திரி முழுக்க ஓடுமா?"

ஓடும், மறுநாள் வெயில் வந்தா திரும்ப நிறைஞ்சுடும்னாரு. மிசாவோசான் இடுப்புல கட்டின சமையல் துணியில கையைத் துடைச்சாங்க. ரசீதுக்கு வெக்கிற கடை முத்திரையைக் கல்லாப் பக்கத்துலேர்ந்து எடுத்து, வாயால ஊதி, சிவப்பு மையில தட்டி, காகிதத்துல அமுக்கினாங்க. எங்க ஊர்ல கையெழுத்துக்குப் பதிலா அதுதான். மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துலயே அவருக்கு ரெண்டு டப்பா சாப்பாடும் கட்டியாச்சு.

வேன் போன சத்தம் கேட்டுத்தான் இவாகிரிசான் இறங்கி வந்தாரு. முடியில பாச்சை உருண்டை வாசனை. காகிதத்தைப் பாத்தாரு, ஒம்பதாவதா இன்னொரு கம்பெனிக்காரனையும் பாக்கலாம்னு இருந்தேனேன்னாரு. "தாராளமாப் பாருங்க, அது வீட்டுக்கு. இது கடைக்கு"ன்னுட்டாங்க. சாயங்காலம் வேலிப் பக்கம் வந்தாரு. நான் ஒண்ணும் கேக்கல. அவராவே, ஏழு பேரை உக்காந்து கழிச்சுக் கட்டினது யாருன்னும், மிச்சம் இருந்த ஒருத்தன்கிட்ட முத்திரை குத்துறது பெரிய காரியமான்னும் கேட்டுட்டுப் போனாரு.

மின்சாரக் கம்பெனி அனுமதி, அது இதுன்னு இழுத்து, செப்டம்பர்லதான் பேட்டரி வந்து சேந்துச்சு. நாலு நாள் கழிச்சு அந்த வருஷத்துப் பதினொண்ணாவது புயல் வந்துச்சு.

ராத்திரி முழுக்க அடிச்சு, விடிஞ்சப்ப ஓஞ்சு போச்சு. கம்பமெல்லாம் சாஞ்சு கிடக்கு, ஊர்ல ஒரு வீட்டுலயும் கரண்ட் இல்ல. ஜன்னல் மரப் பலகையை விலக்கிட்டு நான் முதல்ல காதைத்தான் தீட்டினேன். ம்ம்ம்ம்னு ஒரு சத்தம். ரெண்டு ஃப்ரீசரும் ஓடுது. மிசாவோசான் கடை நடுவுல நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கை இடுப்புல. அப்புறம் கேஸ் அடுப்பைப் பத்த வெச்சாங்க.

ஊரே அங்க வந்துச்சு. போனுக்குச் சார்ஜ் போட வந்தவங்க சாப்பிட்டுப் போனாங்க, சாப்பிட வந்தவங்க சார்ஜ் போட்டுட்டுப் போனாங்க. வரிசையில நின்னவங்களுக்கு இவாகிரிசான் குழாயும் தொட்டியும் நடத்தினாரு. சார்ஜ் ஏறுற வரைக்கும் யாரும் ஓட முடியாது, அவரு வாழ்க்கையிலயே அப்படி ஒரு கூட்டம் கிடைச்சதில்ல. குமாமோட்டோ அக்கா கூப்பிட்டு, என்ன ஆச்சு, வர்றியான்னு கேட்டிருக்காங்க. "இப்ப முடியாதுக்கா, கோழி எண்ணெயில இருக்கு"ன்னு போனை வெச்சுட்டாங்க மிசாவோசான். அதைச் சொல்றப்ப அவரு பக்கமாத் திரும்பிக்கூடப் பாக்கல. அவருதான் பேச்சைப் பாதியில நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் ஃப்ரீசர் மூடியில கையை வெச்சுக்கிட்டு நின்னாரு.

வீட்டுப் பக்கம் ஒரே புழுக்கம். மிசாவோசானுக்கு மனசு கேக்கல. ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை கடையிலேர்ந்து சமையல்கட்டு ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள விட்டாங்க. ஒரே ஒரு சாமான் மாட்டிக்கலாம், அதுக்கு மேல போனா ஃப்ரீசருக்குப் பத்தாது, எதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாங்க.

நீங்களே சொல்லுங்க, இதை விடக் கொடுமை ஒரு மனுஷனுக்கு உண்டா?

ஒரு மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தேன். வயர் நுனியைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, மேடையில மைக் பிடிச்சுட்டு என்ன பாடுறதுன்னு மறந்து போன ஆளு மாதிரி. முன்னால ஒரு காகிதம், அதுல கட்டம். ஃபேன் எதிர்லயே இருக்கு, கை நீட்டினா எட்டும். வேர்வை மூக்கு நுனியிலேர்ந்து காகிதத்துல சொட்டுது. ஃபேனையாவது போடுங்களேன்னேன். ஃபேன் போட்டா பகல்ல உபயோகம், ராத்திரி காத்து வந்துச்சுன்னா வீண். டிவி போட்டா செய்தி தெரியும், ஆனா கேபிள் அறுந்திருந்தா வீண். வெந்நீர்க் கெட்டில் போட்டா டீ உண்டு, ஆனா கடையிலயே டீ உண்டுன்னு விளக்கினாரு. சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணிடறதா சொன்னாரு. சாயங்காலம், காலையிலன்னாரு. காலையில காகிதம் ரெண்டாவது பக்கத்துக்குப் போயிருந்துச்சு. கழுத்துல ஈரத் துண்டு.

மூணாம் நாள் பதினோரு மணிக்கு ஊர்க் கரண்ட் வந்துச்சு. டிவி கத்துச்சு, விளக்கெல்லாம் எரிஞ்சுது, கக்கூஸ் பீங்குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. வயர் நுனி இன்னும் அவரு கையிலதான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஒரு செருப்புக்கு மூணு கடை ஏறி இறங்கி, மூணாவது கடைக்காரர்கிட்ட 'வீட்டுல கேட்டுட்டு வர்றேன்'னு சொல்லிட்டு, வார் அறுந்த பழைய செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பி வந்து, இந்தக் காலத்துல எவனுக்குமே வியாபாரம் பண்ணத் தெரியலைன்னு வீட்டுல அலுத்துக்கிட்டவர் யாரு? நான் பேர் சொல்லல. உங்க வீட்டுல இருக்கிறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

மிசாவோசான் கடைப் பக்கத்துலேர்ந்து வயரைச் சுருட்டிக்கிட்டே உள்ள வந்தாங்க. சுருட்டிச் சுருட்டி அவரு கைக்கிட்ட வந்து நின்னாங்க. அப்ப என்னதான்பா முடிவு பண்ணீங்கன்னு கேட்டாங்க. அவரு வயர் நுனியை மரியாதையா ரெண்டு கையாலயும் எடுத்து அவங்ககிட்டக் கொடுத்தாரு.

"கரண்டு வந்துருச்சுல்ல? நான் அவசரப்பட்டு எதையாவது சொருகியிருந்தேன்னு வெச்சுக்க, இப்ப எந்திரிச்சு அதைப் பிடுங்கணும். அந்த வேலை மிச்சம் பாரு. இதுக்குத்தான் எதையும் யோசிச்சுச் செய்யணும்கிறது."